பயிர்க்காவல் துவக்கும் சன்னத்தின் நிறையும்

வன்னிப் பெருநிலத்தில் காலபோக நெல் குடலை தள்ளிக் கதிர் பால்பிடிக்கும் தை மாதம், காட்டுப்பன்றிக்கு விருந்துக் காலமாகும். குளங்களின் அலைகரைக் காடுகளிலிருந்து இருட்டியபின் இறங்கும் ஒரு கூட்டம், விடியுமுன் அரை ஏக்கர் வயலைப் பாழாக்கிவிட வல்லது. பன்றி தின்பது கொஞ்சம். உழக்கிச் சாய்ப்பதும் உருண்டு புரள்வதுமே அதிகம். மேட்டுநிலத்தில் கச்சான், மரவள்ளி, வற்றாளை, சோளன், பூசணி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். விதைத்த கச்சானை வரிசை தவறாது கிளறித் தின்னும் பன்றியின் திறமையைக் கண்ட கமக்காரர், அதற்கு மூக்கே கலப்பை என்று சொல்வதில் வியப்பில்லை.

வேலி, காவற்கொட்டில், தீவறை, தகரவோசை, நாய் என்பன முதற்காவல். அவை தவறும் இடத்தில் உரிமம் பெற்ற துவக்கு கடைசிக் காவலாக வருகின்றது. போர் நடந்த ஆண்டுகளில் வன்னிக் கமக்காரரிடம் முன்னர் இருந்த உரிமத் துவக்குகள் இல்லாமற் போயின. வயல்கள் பற்றையேறிக் கிடந்தன. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்து குடிகள் மீளக்குடியேறியபோது, தந்தையர் கைப்பழக்கமாக அறிந்திருந்த பல விடயங்கள் மைந்தர்க்கு வந்து சேரவில்லை. அவற்றுள் ஒன்று, எந்த விலங்குக்கு எந்த நிறையுள்ள ஈயம் ஏற்றது என்னும் அறிவு. இன்று துவக்கு வைத்திருப்போர் பலர், துவக்கு நல்லதா என்று விசாரிக்கின்றனரேயன்றித் தோட்டாவினுள் இருப்பது யாது என்று விசாரிப்பதில்லை. விலங்கை வீழ்த்துவது துவக்கன்று. அதிலிருந்து செல்லும் ஈயமே.

மானைப் பற்றி முதலிற் சொல்லவேண்டியது

பிற நாடுகளிலே சன்னத்தின் நிறை பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் மான்வேட்டையை ஒட்டியே எழுந்தது. வன்னியிலும் முன்னாளில் புள்ளிமானும் மரையும் வேட்டைக்காரரின் முதற்குறியாயிருந்தன. இன்று அந்நிலை இல்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான் ஆகிய யாவற்றையும் காக்கின்றன. பயிரைத் தின்றது என்பது மானைச் சுடுவதற்குப் போதிய நியாயமாகாது. மான் இறைச்சியை வைத்திருத்தலும் விற்றலுங்கூடக் குற்றமே. காட்டுப்பன்றி அவ்வாறு பாதுகாக்கப்பட்ட விலங்கன்று. ஆகவே இப்பிரசுரத்திற் கூறப்படுவன யாவும் பன்றியையே கருதியவை. குரங்கு, மயில் முதலியன பற்றிய ஐயம் எழுந்தால், துவக்கை எடுக்குமுன் வனசீவராசிகள் திணைக்கள அலுவலரைக் கேட்டறிதல் வேண்டும்.

இடமும் கவனிக்கத்தக்கது. 1951 இல் பிரகடனஞ் செய்யப்பட்ட கொக்கிளாய்ச் சரணாலயம், 1963 இல் ஏற்பட்ட வவுனிக்குளம் சரணாலயம், 2015 இல் தேசிய வனங்களாக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதி ஆகியவற்றின் எல்லைக்குள் பன்றியையும் சுடலாகாது. எல்லையருகே வயலுடையோர், சுடப்பட்ட பன்றி எல்லைக்குள் ஓடி விழுந்தால் அதனைத் தொடர்ந்து துவக்குடன் உட்செல்லுதலும் குற்றமாகும் என்பதை மறக்கலாகாது.

நிறை என்பது என்ன செய்கின்றது

பயிர்க்காவலுக்கு வன்னியில் வழங்கும் துவக்கு பெரும்பாலும் 12 போர் ஒற்றைக்குழல் துவக்காகும். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமனான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தும் குழல் என்பதே '12 போர்' என்பதன் பொருள். அவ்வுருண்டையின் நிறை ஏறக்குறைய 38 கிறாம். குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர். இதனாலேயே 16 போர்த் துவக்கு 12 போரிலும் ஒடுங்கியதாகின்றது. எண் பெரிதானாற் குழல் பெரிது என எண்ணி ஏமாறுவோர் இன்றும் உளர்.

ஒரு சாதாரண 12 போர்த் தோட்டாவில் ஓர் அவுன்சுக்குச் சிறிது கூடிய ஈயம், அதாவது ஏறக்குறைய 30 கிறாம், இருக்கும். இந்த 30 கிறாமும் எத்தனை துண்டுகளாகப் பிரிந்துள்ளது என்பதே தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடுவது. ஆங்கில அளவின்படி எல்.ஜி. சன்னம் ஓர் அவுன்சுக்கு 6, எஸ்.ஜி. 8, எஸ்.எஸ்.ஜி. 15, ஏ.ஏ.ஏ. 35, பி.பி. 70; நான்காம் இலக்கம் 170; ஆறாம் இலக்கம் 270. ஆகவே எஸ்.ஜி. சன்னம் ஒன்றின் நிறை ஏறக்குறைய 3.5 கிறாம், நான்காம் இலக்கச் சன்னத்தின் நிறை கிறாமின் ஆறிலொரு பங்கு. இருபத்தொரு நான்காம் இலக்கச் சன்னங்கள் சேர்ந்தே ஓர் எஸ்.ஜி. சன்னத்துக்கு ஈடாகும்.

குழலின் வாயைவிட்டு வெளியேறுங்கால் இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. செக்கனுக்கு 400 மீற்றரளவாம். வேறுபாடு அதன்பின்னரே தோன்றுகின்றது. எஸ்.ஜி. சன்னத்தின் விட்டம் 8.4 மில்லிமீற்றர், நான்காம் இலக்கத்தின் விட்டம் 3.1 மில்லிமீற்றர். விட்டம் 2.7 மடங்காகும்போது, காற்று எதிர்த்து நிற்கும் முகப்பரப்பு ஏழு மடங்கே கூடுகின்றது. நிறையோ இருபது மடங்குக்கு மேற் கூடுகின்றது. ஆகவே சிறுசன்னத்தைக் காற்று விரைவில் தடுத்து நிறுத்துகின்றது. பெருஞ்சன்னம் அதே காற்றைப் பிளந்து செல்கின்றது. காற்றிற் கண்ட இதே நியாயம் தோலிலும் தசையிலும் எலும்பிலும் பொருந்தும். ஒரு பிடி மணலையும் அதே நிறையுள்ள ஒரு கல்லையும் ஒருவன் எறிந்தால், பத்தடி தூரத்தில் எது நோவு தரும் என்பது சிறுவனுக்கும் தெரியும்.

பன்றியின் உடலமைப்பு இந்நியாயத்தை மேலும் வலியுறுத்துகின்றது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்மீதும் விலாமீதும் தடித்த குருத்தெலும்பு போன்ற ஒரு கவசம் உண்டு. ஆண் பன்றிகள் தம்முட் பொருதும்போது எதிரியின் பற்களைத் தாங்குவதற்கு இயற்கை அளித்தது அது. அதன்மேல் சேறு பூசி உலர்ந்திருக்கும். புறாவுக்கும் கௌதாரிக்கும் ஏற்ற நான்காம், ஆறாம் இலக்கச் சன்னங்கள் முப்பது யார் தூரத்தில் இக்கவசத்தைக் கடந்து நுரையீரலை அடையமாட்டா. அவை தோலின்கீழ் தங்கிப் புண்ணாகிச் சீழ்பிடிக்கும். விலங்கு உடன் வீழாது ஓடிப் பல நாள் வேதனைப்பட்டுப் பற்றையுள் மாயும். அல்லது உயிர்தப்பி அடுத்த வாரம் அதே வயலுக்கு மூர்க்கத்துடன் வரும். தோட்டாவும் போயிற்று, பயிரும் காக்கப்படவில்லை, ஓர் உயிரும் வீணே வதைபட்டது.

இதற்காக மிகப் பெரிய சன்னமே என்றும் நன்று என்று முடிவு செய்தலும் தவறு. சன்னம் பெரிதாகுந்தோறும் எண்ணிக்கை குறைகின்றது. எல்.ஜி. தோட்டாவில் ஆறு அல்லது ஏழு சன்னங்களே உள. தூரத்தில் அவை பிரிந்து செல்லும்போது விலங்கின் இருபுறமும் கடந்துபோய், ஒன்று மட்டும் பின்தொடையிற் படுதல் கூடும். எஸ்.எஸ்.ஜி. தோட்டாவில் பதினாறு வரை உண்டு. இருபது யார் தூரத்துக்குள் நடுத்தரப் பன்றிக்கு அது போதும். பெருந் தனியனுக்கு ஊடுருவும் வலி குறைவு. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது எஸ்.ஜி.; எட்டு அல்லது ஒன்பது சன்னங்கள், ஒவ்வொன்றும் தனித்து எலும்பை உடைக்கப் போதிய நிறையுடையவை. வன்னிக் கமக்காரர் தந்தையர் காலத்தில் பன்றிக்கு எஸ்.ஜி. என்று வாய்ப்பாடாகச் சொல்லிவந்தது அனுபவத்தின் முடிவே. கணக்கும் அதனையே காட்டுகின்றது.

றைபிளும் ஒற்றைக் குண்டும்

றைபிள் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். ஏனெனில், றைபிள் இருந்தால் நன்றாயிருக்குமே என்று கமக்காரர் கூறுவது கேட்கப்படுகின்றது. றைபிள் குழலின் உட்புறத்திலுள்ள சுழற்பள்ளங்கள் நீண்ட குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டு பம்பரம்போல் நிலைதவறாது செல்லும். ஆகவே ஒரே விட்டமுள்ள குழலுக்குப் பல நிறைக் குண்டுகள் செய்தல் இயலும். .303 றைபிளுக்கு முதலில் 215 கிரெயின், அதாவது ஏறக்குறைய 14 கிறாம் நிறையுள்ள குண்டு வழங்கிற்று; பின்னர் 174 கிரெயின் குண்டு வந்தது. பாரமான குண்டு மெதுவாகப் புறப்பட்டாலும் ஆழ ஊடுருவும். இலேசான குண்டு வேகமாகச் சென்று, எலும்பிற் பட்டதும் சிதறும் இயல்புடையது. மானுக்கு எவ்வளவு நிறை வேண்டும் என்பதை ஸ்கொத்லாந்தில் சட்டமே வகுத்தது. 1985 ஆம் ஆண்டின் ஆணை பெருமான்களுக்கு 100 கிரெயினிற் குறைந்த குண்டைத் தடுத்தது; 2023 இல் அவ்வெல்லை 80 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. ஈயம் நஞ்சாதலால் செம்புக்குண்டு பரவி வருகின்றது. செம்பு ஈயத்திலும் அடர்த்தி குறைந்ததாதலால், அதே அளவுள்ள குண்டு இலேசாகவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1854 இல் வெளியான தமது நூலில், நான்கு அவுன்சுக் குண்டெறியும் 21 இறாத்தல் றைபிள் ஒன்றைத் தாம் கொண்டிருந்ததாகக் குறித்துள்ளார். அது யானைக்கு. அதைச் சுமப்பதற்கே ஒருவன் வேண்டும்.

இவை யாவும் அறிந்துகொள்ளற்குரியவை; வயலுக்கு உரியவையல்ல. பயிர்க்காவலுக்கு வழக்கமாக உரிமம் வழங்கப்படுவது சன்னத்துவக்குக்கே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மேல்நோக்கிச் சுடப்பட்ட நான்காம் இலக்கச் சன்னம் ஏறக்குறைய 250 மீற்றரில் விழுந்துவிடும். எஸ்.ஜி. சன்னம் 600 மீற்றருக்கு மேலும் செல்லும். 12 போர் ஒற்றைக் குண்டு ஒரு கிலோமீற்றரையும் கடக்கும். .303 குண்டோ மூன்று கிலோமீற்றரளவு போகவல்லது. வயலும் குடிமனையும் வாய்க்காலும் வீதியும் நெருங்கிக் கிடக்கும் ஊரில், குறிதவறிய றைபிள் குண்டு யார் வீட்டு முற்றத்தைத் தேடிச் செல்லும் என்று எவராலும் கூறமுடியாது. நிறைகூடிய ஈயம் ஊடுருவலைத் தருகின்றது. அதே நிறை தூரத்தையும் தருகின்றது. ஒன்றை விரும்பி மற்றதை மறந்துவிடலாகாது. எஸ்.ஜி. இடுபவரும் தம் கையிலிருப்பது அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் தீங்கு செய்யவல்லது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

தன் துவக்கைத் தான் அறிதல்

தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பது பொதுவிதி. ஒவ்வொரு துவக்கும் தனிவிதியுடையது. குழலின் வாய் ஒடுக்கப்பட்ட துவக்கும் ஒடுக்கப்படாத துவக்கும் ஒரே எஸ்.ஜி. தோட்டாவை வேறுவேறாகப் பரப்பும். பெருஞ்சன்னத்தைச் சில துவக்குகள் ஒடுங்கிய வாயிற் கூட்டமாக அனுப்பும். வேறு சில தாறுமாறாகச் சிதறடிக்கும். இதனைச் சோதித்தறியாமல் இரவில் முதன்முறை பன்றிமேற் பரீட்சிப்பது முறையன்று.

சோதனை எளிது. சுடுவதற்கு அனுமதியுள்ள, பின்னால் உயர்ந்த மண்மேடுடைய இடத்திலே, பழைய யூரியாப் பை ஒன்றை விரித்துக் கம்புகளிற் கட்டுக. அதன் நடுவே சோற்றுக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துக் கரியினால் ஒன்பது அங்குல வட்டம் வரைக. பக்கவாட்டில் நிற்கும் பன்றியின் நெஞ்சறையில் உயிர்நிலை அடங்கியுள்ள இடம் ஏறக்குறைய அவ்வளவே. இருபது யார் தூரத்தில் ஒரு தோட்டா. முப்பது யார் தூரத்தில் வேறொரு பையில் ஒரு தோட்டா. வட்டத்துள் எத்தனை துளைகள் என எண்ணுக. நான்கு சன்னமாவது வட்டத்துள் விழும் தூரமே அத்துவக்கின் எல்லை. இருபதில் ஆறும் முப்பதில் இரண்டும் விழுந்தால், அத்துவக்குக்காரர் இருபத்தைந்து யாருக்கு அப்பால் விசையிற் கைவைத்தலாகாது. உரிமத்திற் குறிக்கப்பட்ட சில தோட்டாக்களுள் இரண்டை இவ்வாறு செலவிடுவது வீண் எனச் சிலர் கருதுவர். காயப்பட்டு ஓடும் பன்றிமேற் செலவாகும் நான்கினும் இது இலாபமே.

பொதுவாகச் சன்னக்கூட்டம் ஒரு யாருக்கு ஓர் அங்குலம் என்னும் வீதத்தில் விரியும் எனக் கொள்ளலாம். முப்பது யாரில் விரிவு முப்பது அங்குலம். நாற்பதில் ஒன்பது சன்னமும் ஒரு வண்டிச் சில்லின் அகலத்துக்குப் பரந்துவிடும். இரவில் தூரத்தைக் கண்ணாற் சரியாக மதிப்பிடல் அரிது என்பதும் அறியத்தக்கது. ஆகவே பகலிலேயே காவற்கொட்டிலிலிருந்து இருபத்தைந்து கவடு அளந்து, வரம்புகளில் வெள்ளைத் துணி சுற்றிய தடி நாட்டிவைத்தல் நன்று. தடிக்கு அப்பால் நிற்கும் பன்றிக்குத் தகரமே போதும், ஈயம் வேண்டாம்.

குறி வைக்கும் இடம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து மேல்நோக்கி மூன்றிலொரு பங்கு உயரத்திலாம். பன்றியின் இதயம் பலர் எண்ணுவதிலும் தாழ்வாகவும் முன்னாகவும் உள்ளது. முதுகு மயிர் சிலிர்த்து உயர்ந்து தோன்றுவதால், உடலின் நடு என மயங்கி உயரச் சுடுவோர் பலர். நேர்முகமாக வரும் பன்றியையும் பின்காட்டி ஓடும் பன்றியையும் சுடாது விடுதலே தகும்.

ஒளிரும் கண்

இரவுக் காவலில் நேரும் துன்பங்களுட் பெரும்பாலன, கண்டது யாது என நிச்சயியாது சுட்டமையால் வருவன. இங்கே கமக்காரருக்கு உதவும் ஓர் இயற்கைக் குறி உண்டு. மான், மரை, மாடு, எருமை, ஆடு, நாய் ஆகியவற்றின் கண்ணுள்ளே விழித்திரையின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் அமைந்துள்ளது. ரோச் வெளிச்சம் பட்டவுடன் அவற்றின் கண் தணல்போல் ஒளிர்வது இதனாலேயே. பன்றியின் கண்ணில் அப்படலம் இல்லை. அதன் கண் மங்கலாகவே தெரியும். பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆகவே இருளில் இரண்டு கண் பளிச்சென ஒளிர்ந்தால், அது பன்றியன்று என்று துணிந்து துவக்கைத் தாழ்த்தலாம். அது சட்டங் காக்கும் மானாயிருக்கலாம். அயலவரின் கட்டாக்காலி மாடாயிருக்கலாம். கண் ஒளிராமை மட்டுமே பன்றி என்பதற்குச் சான்றாகாது என்பதும் மறுபுறம் உண்மை. மனிதரின் கண்ணும் அவ்வாறு ஒளிர்வதில்லை. வரம்பில் குனிந்து தண்ணீர் மாறுகின்ற ஒருவர், சாக்குப் போர்த்திய ஒருவர், இருட்டிற் பன்றியின் உருவமே கொள்வர். தலையும் முகமும் நீண்ட மூக்கும் முழு உருவமும் வெளிச்சத்திற் கண்டபின்னன்றி விசையைத் தொடலாகாது. ஓசையைக் கேட்டுச் சுடுதலும் பயிர் அசைவதைக் கண்டு சுடுதலும் எக்காலத்தும் விலக்கத்தக்கன. அயல்வயற் காவற்காரருடன் பொழுதுபடுமுன்னே பேசி, யார் எங்கே இருப்பர், யார் எந்நேரம் தண்ணீர் பார்க்க வருவர் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது ஒரு பெட்டித் தோட்டாவினும் பெறுமதியுடையது.

பரண்மேலிருந்து சுடுவதன் சிறப்பு இங்கே விளங்கும். எட்டு, பத்தடி உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடப்பட்ட ஈயம், தவறினாலும் சில யார் தூரத்தில் மண்ணிற் புதையும். நிலத்தில் நின்று மட்டமாகச் சுட்டால் அது வயல்வெளி முழுவதும் ஓடும். நிற்கும் நீரைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வயலிற் கட்டியுள்ள நீர் மெத்தென்றிருப்பதால் ஈயத்தை விழுங்கிவிடும் என்று நினைப்பது தவறு. தாழ்ந்த கோணத்தில் வரும் உருண்டைச் சன்னம், பிள்ளைகள் குளத்தில் எறியும் ஓட்டுச் சில்லுப்போலத் துள்ளிப் புதுத்திசையிற் பறக்கும். குளக்கட்டை நோக்கிச் சுடுவது நன்று. குளக்கட்டின் மேல்விளிம்பை நோக்கிச் சுடுவது, அப்பால் வருவோரை நோக்கிச் சுடுவதேயாம்.

காயப்பட்ட பன்றி

சுட்டவுடன் பன்றி விழாது ஓடினால், பின்னே ஓடுதல் பேராபத்து. காயப்பட்ட தனியன் பற்றையுள் திரும்பி நின்று, தொடர்பவரைத் தாக்கும். அதன் பற்கள் தொடையின் பெருநாளத்தை அறுக்கவல்லன. பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, துவக்கை மீண்டும் நிரப்பி, பரணிலேயே இருத்தல் வேண்டும். விடிந்தபின் இருவர் மூவராகச் சென்று இரத்தத் தடத்தைப் பார்க்கலாம். நுரை கலந்த வெளிறிய சிவப்பு, நுரையீரலிற் பட்டதைக் காட்டும். அவ்விலங்கு தூரம் போயிராது. இரைப்பைச் சாறு கலந்து நாறும் இரத்தம், வயிற்றிற் பட்டதைக் காட்டும். அதைத் தொடர்வதற்கு அனுபவமுடையோர் துணை வேண்டும். ஏற்ற நிறையுள்ள சன்னத்தை ஏற்ற தூரத்தில் உபயோகித்தவருக்கு இவ்வேலை பெரும்பாலும் நேராது.

2024 ஆம் ஆண்டின் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையிற் காணப்பட்டது. அந்நோய் மனிதரைப் பற்றுவதில்லை. வளர்ப்புப் பன்றிகளுக்கோ அது மாரி. சுடாமலே இறந்து கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடாது, இடத்தைக் குறித்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் கடமை. சுட்ட பன்றியின் கழிவைப் பண்ணையருகே எறிதல் கூடாது.

செய்யத்தகாதன சில

தோட்டாவைப் பிரித்துச் சிறுசன்னத்தைக் கொட்டி, இரும்புத் துண்டோ சைக்கிள் உருளைகளோ வார்த்த ஈயக்குண்டோ இட்டு மூடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஐந்தாறு ரூபா மிச்சம் பிடிக்கும் இவ்வழியில் கையும் கண்ணும் போவதுண்டு. தோட்டாவின் மருந்தளவு அதிலுள்ள ஈயத்தின் நிறைக்கு ஏற்பவே அளந்து அடைக்கப்பட்டது. நிறை கூடினால் குழலினுள் அமுக்கம் கூடும். ஒடுங்கிய வாயில் பெருங்குண்டு சிக்கினால் குழல் பிளக்கும். சன்னத்தின் நிறையை மாற்ற விரும்புவோர் தோட்டாவை மாற்றுக. தோட்டாவினுள் இருப்பதை மாற்றலாகாது. இடியன் துவக்குக்கும் இதுவே நியாயம்; மருந்தும் ஈயமும் கண்ணளவாக இடப்படும் அக்கருவியில் நிறை பற்றிய எந்தக் கணக்கும் நில்லாது. அது உரிமமற்றதாயின், 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமுமாகும்.

கட்டுத்துவக்கு இவை யாவற்றினும் கொடிது. அதற்குக் கண் இல்லை. மானென்றும் மனிதரென்றும் அது அறியாது. விறகுக்கும் தேனுக்கும் காட்டினுட் சென்றோர் கட்டுத்துவக்கிற் காலிழந்ததும் உயிரிழந்ததும் வன்னியில் அறியாதார் இல்லை. பழத்தினுள் வைக்கும் வெங்காய வெடியும் அவ்வாறே. பன்றிக்கென வைத்த அதனை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, வாரக்கணக்கிற் பட்டினியால் இறக்கின்றது. யானையைச் சன்னத்தாற் சுட்டு விரட்ட முயல்வதும் அறியாமையே. 3.5 கிறாம் ஈயம் யானையை வீழ்த்தாது, புண்ணாக்கும். புண்பட்ட யானை அடுத்த முறை ஓசைக்கு அஞ்சி ஓடாது. ஓசை வந்த கொட்டிலை நோக்கி வரும். யானைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடியே உரியது.

தோட்டாக்களை மாரியின் ஈரம் படாத தகரப் பெட்டியிற் பூட்டி, துவக்கிலிருந்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். சென்ற போகத்து எஸ்.ஜி.யும் பறவைக்கு வாங்கிய நான்காம் இலக்கமும் ஒரே பையிற் கலந்து கிடந்தால், இருட்டில் விரல் எதனை எடுக்கும் என்று சொல்வதற்கில்லை. எஸ்.ஜி. தோட்டாவின் அடியைச் சுற்றி ஒரு நூல் கட்டிவைக்க. தடவியவுடன் கை அறிந்துகொள்ளும்.